நாளைக்குப் பண்ணப்போற பாவம்

சவுரிராயன்: இல்ல சாமி... இன்னும் பண்ணல. நாளைக்கித்தான் பண்ணப் போறேன்.

சாமியார்: பண்ணாத பாவத்துக்கு எவன்டா பாவசங்கீர்த்தனம் பண்ணுவான்?

சவுரிராயன்: நீங்க திண்டிவனத்துலேர்ந்து எங்க ஊர் கோயிலுக்கு மாசத்துல ஒரு வெள்ளிக்கெழமதான வர்றீங்க? நாளைக்கிப் பண்ணிட்டு, மறுநாளே என்ன பாம்பு கடிச்சிதுன்னு வைங்க... நேரா நரகந்தான? அதான் முன்கூட்டியே...

சாமியார்: சரி, சொல்லித் தொலை. திருட்டா?

சவுரிராயன்: கொல சாமி.

சாமியார்: டேய்! ...மெதுவாப் பேசு. யார?

சவுரிராயன்: எம் பொண்டாட்டி இருதயமேரிய.

சாமியார்: அவளையா! ...சர்வேசுரா. இன்னிக்கி இந்த ஊருக்கு என்னதான் வந்துச்சி?

சவுரிராயன்: ஏன் சாமி, வேற யாரு என்னா சொன்னாங்க?

சாமியார்: ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நீ சொல்லு. வீட்ல சண்டையா?

சவுரிராயன்: சண்ட தெனந்தான். அவ வளக்கற பன்னிய எங்கம்மா பேரச் சொல்லிக் கூப்புடறா. அதக்கூடப் பொறுத்துக்கினேன். இது ரயில்வே விசயம் சாமி.

சாமியார்: ரயிலுக்கும் அவளுக்கும் என்னாடா?

சவுரிராயன்: விழுப்புரம் ஜங்சன்ல எனக்குப் பாயிண்ட்ஸ்மேன் வேல. யுத்த காலம்... வீட்ல யாராவது செத்தாத்தான் லீவு. எங்கம்மாவ ரெண்டு தடவ சாவடிச்சேன். மாமனார ஒரு தடவ. போன மாசம் பாத்தா... மிச்சம் இருந்தது இவதான்.

சாமியார்: அப்படி என்னா அவசரம் உனக்கு?

சவுரிராயன்: மேல்மலையனூர்ல ராட்டினம் போட்டிருந்தாங்க...

சாமியார்: அங்காளம்மன் கோயிலுக்கா போன!

சவுரிராயன்: கோயிலுக்குள்ள போகல சாமி. ராட்டினம் மட்டுந்தான்... ஏழு சுத்து.

சாமியார்: அது தனிப் பாவம். அப்பறம்?

சவுரிராயன்: எங்க ஸ்டேசன் மாஸ்டருக்கு எளகின மனசு. இவ செத்துட்டான்னு கேட்டதும் அழுதுட்டாரு. நாயித்துக்கெழம காலைல பாசஞ்சர்ல வந்து அவ கல்லறைக்கி மாலை போட்டே தீருவேன்னு நிக்கிறாரு. வந்து பாத்தா, அவ பன்னிக்கித் தீனி வச்சிக்கினு நிப்பா. என் வேல போயிடும் சாமி! சோத்துக்கு எங்க போவேன்?

சாமியார்: அதுக்கு அவ சாவணுமா?

சவுரிராயன்: கல்லற வேணுமே! நாளைக்கிக் கெணத்தாண்ட இட்டுக்கினு போயி, ஒரு தள்ளு...

சாமியார்: அவ நல்லா நீந்துவாளேடா.

சவுரிராயன்: அதான் பேஜாரு. ...ஜல்தி மன்னிச்சி வுடுங்க சாமி. வீட்ல கருவாட்டுக் கொழம்பு ஆறிடும்.

சாமியார்: கொழம்பா? யாரு வச்சா?

சவுரிராயன்: அவதான். சிரிச்சிக்கினே வச்சா. கல்யாணமாகி ஒம்போது வருசத்துல இதான் மொத தடவ.

சாமியார்: ...சவுரி, கேளு. உனக்கு அபராதம் இதான். இன்னிக்கி உன் வீட்ல ஒரு வாய் சாப்புடக் கூடாது.

சவுரிராயன்: அய்யோ, கருவாடு சாமி! வேணும்னா பத்து செபமாலை சொல்றேன்...

சாமியார்: பச்சத்தண்ணிகூடக் குடிக்காத!

சவுரிராயன்: உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? ...சாமி, எனக்கு முன்னாடி இங்க முட்டி போட்டது யாரு?

சாமியார்: சொல்லக் கூடாது. ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொன்னா என் அங்கி போயிடும்.

சவுரிராயன்: பொம்பளையா?

சாமியார்: நான் வாயே தொறக்கல.

சவுரிராயன்: அதோ, தூணாண்ட முட்டி போட்டுக்கினு செபமாலை உருட்டறது... இருதயமேரி! அடியே, கொழம்புல என்னாடி கலந்த?

இருதயமேரி: கத்தாத. அம்பத்திமூணு மணி செபம் அபராதம், நாப்பதுல நிக்கிறேன். ...எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தேன். எங்கப்பனையும் சேத்துக் கொன்னிருக்க!

சவுரிராயன்: ஒம்போது வருசம் கூட இருந்தவன... கொழம்புலயாடி வைப்ப? எனக்கு அழுகையா வருது.

இருதயமேரி: எனக்கு மட்டும் சிரிப்பா வருது? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியா? ரெண்டு நாளு எங்கம்மா வூட்ல போயிக் குந்திக்கினு இருந்திருப்பனே!

சாமியார்: ரெண்டு பேரும் இங்க வாங்க. ஒருத்தர ஒருத்தர் கொல்ல மாட்டோம்னு மாதா முன்னாடி சத்தியம் பண்ணுங்க. ஜல்தி!

சவுரிராயன்: சத்தியம் சாமி.

இருதயமேரி: சத்தியம். ...அந்தக் கொழம்ப நானே கொட்டிடறேன்.

சவுரிராயன்: கொட்டறது இருக்கட்டும். நான் வேலைக்காகப் பண்ணப் பாத்தேன். நீ எதுக்குடி என்னக் கொல்லப் பாத்த?

இருதயமேரி: கேப்பைக்கிய்யா! கன்னியாஸ்திரி மடத்து மதர் விதவைங்களுக்குத்தான் கேப்பை அளக்கறாங்க. நீ ரயில்ல அடிபட்டு செத்துட்டன்னு சொல்லி நாலு மாசமா வாங்கிக்கினு இருக்கேன். தெனம் நீ துன்னுட்டுப் போற களியே அதான். நாயித்துக்கெழம மத்தியானம் மதர் உன் கல்லறையப் பாக்க வராங்க, குழிகூட நேத்தே வெட்டிட்டேன். ...ஏன்யா முழிக்கிற? உங்க மாஸ்டர் காலைலதான வராரு? ஒரே குழி போதும், சிலுவையில பேர மட்டும் மாத்தி எழுதிக்கலாம்.