அவன் கொழுவின செயின்

லிட்கம் ஸ்டேஷனில் சேற்று பூட்ஸோடு இருவர் ரயில் ஏறினார்கள். மூத்தவர் உட்கார முன்னமே தொடங்கிவிட்டார்.

"மண் கிண்டுற டிகரின்ர செயின் கழண்டதைக்கூடத் தாங்குவன். அதை அந்தப் புதுசா வந்தவன் கொழுவினதைத்தான் தாங்கேலாமக் கிடக்கு."

"நீங்கள் லீவில நிண்டா வேற ஆர் அண்ணை கொழுவுறது?"

"நான் வருமட்டும் விட்டிருக்கலாம். அது என்ர மெஷின்."

"தனியத்தான் கொழுவினவன். மண் அள்ளுற பக்கெட்டை நிலத்தில ஊண்டி மெஷின்ர ஒரு பக்கத்தைத் தூக்கினான். செயினைச் சில்லில ஏத்தி, கிரீஸ் அடிச்சு இறுக்கினான்."

"நீ பக்கத்தில நிண்டு பாத்தனியோ?"

"ஓம். இப்ப நல்லா ஓடுதுதானே?"

மூத்தவர் குனிந்து பூட்ஸ் சேற்றைச் சுரண்டினார்.

"அதுதான் பிரச்சினை. இப்ப மெஷினைத் திருப்பேக்க சத்தமே இல்லை. இவ்வளவு நாளும் ஏன் சத்தம் போட்டதெண்டு பொஸ் என்னட்டக் கேக்கிறார்."