அழைப்புமணியின் ஒற்றைக் கோடு

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! அகவையால் நரைத்தும் அன்பால் நரைக்காத பெரியோர்களே! ஆயிரம் வேலைகளை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! ஒலி ஆர்வலர் மன்றத்து நண்பர்களே! வணக்கம்.

கணினியில் ஒலியைப் பார்ப்பது எப்படி என்று பேச அழைத்தீர்கள். பார்த்தேன்; பார்த்ததைச் சொல்கிறேன். சிரிக்கலாம் என்று வந்தவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

என் அம்மா அச்சகத்தில் வேலை பார்த்தவர். இளமையெல்லாம் இயந்திரங்களின் இரைச்சலிலேயே கழிந்தது. அவருக்கு ஒரே தங்கை, என் சித்தி. ஏதோ ஒரு சொல்லால் இருவருக்கும் மனத்தாங்கல். என்ன சொல்? இருவருக்குமே இன்று நினைவில்லை! சிரிக்கிறீர்கள்; உங்கள் வீட்டிலும் உண்டு போலிருக்கிறது. அதன்பின் சித்தி வரவேயில்லை. "ஒரு எட்டு வந்து பார்க்கக் கூடாதா? அவ்வளவு நெஞ்சழுத்தம்!" என்று புலம்பிக்கொண்டே அம்மா காத்திருந்தார்.

ஆண்டுகள் உருண்டன. ஒரு விடுமுறை நாளில், வீட்டு ஒலிகளையெல்லாம் விளையாட்டாகப் பதிவு செய்து ஒரு மென்பொருளில் போட்டேன். கனத்த ஓசையைக் கீழேயும், கீச்சொலியை மேலேயும் அது பிரித்துக் காட்டும். மின்விசிறி அடியில் படர்ந்தது. குழாய்த் தண்ணீர் திரையெங்கும் தெறித்தது. அழைப்புமணியோ உச்சியில் ஒற்றைக் கோடாய் நின்றது.

பக்கத்தில் இருந்த அம்மா, "எங்க, அந்த மணிய போடு, கேக்கலாம்" என்றார்.

போட்டேன்.

"போடுடீன்னா!"

"போட்டுட்டேம்மா."

மருத்துவர் சோதித்தார். "கீச்சொலி கேக்குற சக்தி போயி பல வருஷம் ஆயிருக்கும்" என்றார். வருகிறவர்களுக்கு நானே கதவு திறந்ததால், யாருக்குமே தெரியாமல் போயிற்று!

சித்திக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"சண்டை போட்ட கொஞ்ச நாள்லயே நான் வந்தேன்டீ. அன்னைக்கு நீ வீட்ல இல்ல. மணிய அடிச்சேன், அடிச்சேன்... ஜன்னல் வழியா பார்த்தா, அக்கா முதுகக் காட்டி உட்கார்ந்து துணி மடிக்கிறா. திரும்பவே இல்ல. என்னைப் பிடிக்கலன்னு நெனச்சு வந்துட்டேன். கதவ ஒரு தட்டு தட்டியிருக்கலாமே!"

யாரை நோவது அவையோரே? அடித்தவரையா? கேளாதவரையா? அத்தனை காலம் அமைதியாய்க் காதைத் தின்ற இரைச்சலையா?

மறுநாளே சித்தி ஓடிவந்தார். அம்மாவின் கையைப் பிடித்து, காதோரம் குனிந்து மெல்ல, "மன்னிச்சிடுக்கா" என்றார்.

அம்மா திகைத்து என்னைப் பார்த்தார். "என்னடீ சொல்றா? மணி அடிச்சுதாமா?"

மெல்லச் சொல்ல வேண்டிய மன்னிப்பைத் தெருவே கேட்கக் கத்திச் சொன்னார் சித்தி. அம்மாவுக்குக் கேட்டது, அணைத்துக்கொண்டார். ஆனால் காதோடு காதாக அக்காளும் தங்கையும் பேசியிருக்க வேண்டிய அந்த ஆண்டுகள்? எந்த மென்பொருள் அவற்றை மீட்கும்? எந்தத் திரை அவற்றைக் காட்டும்?

அழைத்தும் திரும்பாதவரைக் கல்நெஞ்சர் என்று முடிவு கட்டாதீர்கள்! அருகே போங்கள். தோளைத் தொடுங்கள். முகம் பார்த்து இன்னொரு முறை கூப்பிடுங்கள்!

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு நன்றி. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்கவே சொல்லி அமர்கிறேன்: வணக்கம்!