எட்டுப் பேரும் மிகத் திருப்தி

ஆகஸ்ட் 6, புதன்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, நடந்து, குளித்து, தாம்பரத்தில் 7.10 மின்சார ரயிலில் ஏறினேன். எதிரே இரண்டு நர்ஸ்கள். இளையவள் சொன்னாள்:

"நம்ம வார்டு சந்தோஷமா இருக்குன்னு என் லீவை கேன்சல் பண்ணிட்டாங்கக்கா."

"இன்னாடி சொல்ற?" என்றாள் மூத்தவள்.

"வேலை திருப்தியா இருக்கான்னு ஃபார்ம் வந்துச்சே. யாருக்கும் நேரமில்லைன்னு எட்டுப் பேருக்கும் நீங்கதானே ‘மிகத் திருப்தி’ன்னு டிக் அடிச்சீங்க?"

"வேற அடிச்சா மேட்ரன் கூப்ட்டு வறுத்தெடுக்கும்டி."

"இப்ப நம்ம வார்டுதான் ஃபர்ஸ்டாம். இவ்ளோ திருப்திக்கு எட்டுப் பேர் எதுக்குன்னு ரெண்டு பேரை வேற வார்டுக்குத் தூக்கிட்டாங்க. ஆள் பத்தலைன்னு ஞாயித்துக்கிழமை நான் டூட்டிக்கு வரணுமாம். அன்னிக்கு எனக்கு நிச்சயதார்த்தம்க்கா!"

மூத்தவள் போனில் ஞாயிற்றுக்கிழமை டூட்டி லிஸ்ட்டைத் தேடிப் பார்த்தாள். பிறகு, "நீ போய் மோதிரம் மாத்து. உன் டூட்டியையும் நானே பாக்கறேன்" என்றாள்.

"பதினாறு மணி நேரமா? திருப்தியாவா?"

"மிகத் திருப்தி. வாயை மூடிக்கினு வா."

அலுவலகம் போனதும் முதல் வேலையாக, எங்களுக்கும் வந்திருந்த அப்படியொரு படிவத்தை எடுத்து, நான் போட்டு வைத்திருந்த டிக்குகளை வெள்ளை மை தடவி அழித்தேன்.