தலைவர் கையால் ஒட்டிய டுரியன்

மேடையின் நடுநாயகமாய் வீற்றிருக்கும் நாற்றுக் கூட்டுறவுத் தலைவர் தோவான் அண்ணன் அவர்களே! மேகோங் ஆற்று வண்டலை நகக்கண்ணில் சுமந்து வந்திருக்கும் பெரியோர்களே! விடியலிலிருந்து ஒட்டுக்கத்தி பிடித்து விரல் மரத்துப்போன தாய்மார்களே! உங்கள் கியெம்மின் வணக்கம்.

லுவா அக்காவை வேலையைவிட்டு நீக்கும் தீர்மானத்தை எதிர்க்கிறேன். அவர் செய்த குற்றம் என்ன? திறப்புவிழாவில் தலைவர் தம் பொற்கரத்தால் குச்சி செருகி ஒட்டுக்கட்டிய டுரியன் பழக்கன்று செத்துவிட்டது. தண்ணீர் ஊற்றியவர் அக்கா. ஆகவே கொலைகாரி அக்கா!

இதோ அந்தக் கன்று. ஒட்டைப் பிளந்து வந்திருக்கிறேன். தண்ணீர் ஏறும் குழாய்கள் நேராகவா நிற்கின்றன? குடித்தவன் வீடு திரும்பிய தடம்போல் சுருண்டல்லவா கிடக்கின்றன!

ஏன் சுருண்டன? தளிர் ஒரு சேதி அனுப்பும். அது செல்லுக்குச் செல் கைமாறி வேரை நோக்கியே நடக்கும். நடந்த வழியே குழாயாகும். ஒட்டுக்குச்சியைத் தலைகீழாய்ச் செருகினால்? வேருக்குப் போகவேண்டிய சேதி வானத்துக்கல்லவா கிளம்பும்!

என்ன அண்ணா, முறைக்கிறீர்கள்? "நான் தலைகீழா செருகினேன்னு சொல்றியாடா?" என்கிறீர்களா? நான் சொல்லவில்லை, மொட்டு சொல்கிறது. இலை உதிர்ந்த தழும்புக்கு மேலே இருக்கவேண்டிய மொட்டு, கீழே தொங்குகிறது பாருங்கள்!

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" நல்ல கேள்வி, அண்ணா! பின்வரிசை அக்கா பதில் சொல்கிறார், கேளுங்கள்: "எங்க சொல்றது? நீங்கதான் கைதட்டச் சொன்னீங்களே!"

ஆம், தட்டினோம். தலைகீழ் என்று தெரிந்தே தட்டினோம். வெட்கமில்லாமல் தட்டினோம்! லுவா அக்கா எழுகிறார்: "நான் தட்டலப்பா, கையில பூவாளி இருந்துச்சு." கேட்டீர்களா? நம்மில் கை சுத்தமானவர் அவர் ஒருவர்தான். அவரையா துரத்துவது?

மேலிருந்து சேதி வரட்டும், தோழர்களே, வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் தண்ணீர் கீழிருந்துதானே ஏறவேண்டும்? வேரை வெட்டிவிட்டு எந்தக் கிளை காய்த்தது? எந்தத் தலைமை தழைத்தது? அன்று தட்டிய கைகளை இன்று தூக்குங்கள். அக்கா இருக்கட்டும் என்பவர்கள் தூக்குங்கள்!

ஆகா, காடு எழுந்ததுபோல் எழுகின்றன கைகள்! தலைவரே, உங்கள் கையும் எழுகிறதே, வியர்வை துடைக்கவா? "வோட்டுதாண்டா! அவளே தண்ணி ஊத்தட்டும், நீ எறங்கு!"

இறங்குகிறேன். வாக்களித்த உங்களுக்கு நன்றி, பொறுத்த தலைவருக்குப் பெருநன்றி. அடுத்த திறப்புவிழாவுக்கும் வாருங்கள் அண்ணா, ரிப்பன் வெட்டுங்கள். கத்தரிக்கோலை எப்படிப் பிடித்தாலும் வெட்டும்.

வணக்கம்!