நடையில் பதித்த கண்ணாடி

கண்ணாடி டைல்ஸைச் சுத்தம் செய்வது ரொம்பச் சுலபம், மேடம். ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் ஒட்டாது. சமையலறைச் சுவருக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. நான் அதைத் தரையில் பதித்ததுதான் உங்களுக்கு விசித்திரமாகப் படுகிறது. கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் வாசற்கதவிலிருந்து சமையலறைவரை ஒரே நீள நடை. குளியலறையும் பாப்பாவின் அறையும் அதில்தான் திறக்கும். வீட்டில் அப்பனும் மகளுமாக நாங்கள் இரண்டே பேர் என்றாலும், நாள் முழுக்கக் கால் படுகிற இடம் அதுதான். எங்கே போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

டைல்ஸ் பதிக்க வந்தவர் பெட்டியைப் பிரித்ததும் தயங்கினார்.

"சார், இது சுவத்துக்குப் போடறது. ஆள் நடமாடற இடத்துல போட்டா, தண்ணி பட்டதும் வழுக்கும். கண்ணாடிதான் வேணும்னா சொரசொரப்பா, சின்னச் சின்னத் துண்டா வருது. அதுல கால் பிடிச்சு நிக்கும்."

"பரவாயில்ல, இதையே போடுங்க," என்றேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கண்ணாடி வழுக்கும் என்று எனக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

போன மழைக்காலத்தில் பாப்பா பேருந்திலிருந்து இறங்கும்போது விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். அதில் எனக்குச் சம்பந்தமில்லை, சத்தியமாக. யானைக்கும் அடி சறுக்கும் என்று அக்கம்பக்கத்தில் ஆறுதல் சொன்னார்கள். கட்டுப் போட்டிருந்த அந்த வாரங்களில் எதற்கெடுத்தாலும் "அப்பா, கொஞ்சம் வாங்களேன்" என்றுதான் கூப்பிடுவாள். என் தோளில் கை போட்டு நொண்டி நொண்டி நடப்பாள். நான் தலை வாரிவிடுவேன், பாலை ஆற்றிக் கொடுப்பேன். அவளுடைய அம்மா எங்களை விட்டுப் போன பிறகு வீடு வீடாக இருந்தது அப்போதுதான்.

கால் தேறியதும் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் "வரேன்ப்பா" என்று ஓட ஆரம்பித்தாள். பிறகு ஒரு நாள், வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, தோழியோடு சேர்ந்து வீடும் பார்த்தாயிற்று என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை, மேடம். போகிறேன் என்று சொன்னாள்.

அதன் பிறகுதான் டைல்ஸ் வாங்கினேன். அவளுக்குப் பிடித்த கடல் நீலம்.

"ஐயோ, என்னா அழகுப்பா! தண்ணிக்குள்ள நடக்கற மாதிரியே இருக்கு," என்றாள். அப்படிச் சந்தோஷப்படுவாள் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்தவள் முதல் தடவை விழுந்தாள். மணிக்கட்டில் வீக்கம், பயணத்தைத் தள்ளிப்போட்டாள். வீக்கம் வடிந்தபோது இரண்டாவது தடவை. அது தரை காய்ந்திருந்த நாள். அவள் குளிக்கும் நேரத்தில் நான் நடையில் மெழுகு தேய்த்து வைப்பேன். லென்ஸ் துடைக்கிற மென்துணியால் வட்ட வட்டமாகத் தேய்த்தால், மெழுகு இருப்பது கண்ணுக்கே தெரியாது. நாற்பது வருடம் பழகிய கை.

பயம் வந்துவிட்டால் மனிதர்கள் எவ்வளவு பதவிசாக நடக்கிறார்கள் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துள்ளிக்கொண்டு போகிற பெண், அறை வாசலில் நின்று, ஆழம் தெரியாத ஆற்றைப் பார்ப்பதுபோல் தரையைப் பார்ப்பாள். கட்டை விரலை முதலில் வைத்துப் பார்ப்பாள்.

"அப்பா, தரை காஞ்சிருக்கா?"

நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். இன்னொரு முறை கேட்கட்டும் என்று இருப்பேன். இரண்டாவது முறை கேட்கும்போது குரல் சின்னப் பிள்ளைக் குரலாகிவிடும். அப்போது போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். பாத்ரூம் போக வேண்டி வருமே என்று பொழுது சாய்ந்தபின் தண்ணீர் குடிப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். உடம்புக்கு ஆகாது என்று கண்டித்தேன். எனக்கு அவள்மேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு ஆள் வைத்துச் சுவர் நெடுக ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்திக்கொண்டாள். அதையும் நான் தடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். பாப்பா நடையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். தரையில் விரலை ஓட்டி, மோந்து பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கினாள்.

"இதுல என்னப்பா தடவியிருக்கீங்க?"

"பாலிஷ்தான் பாப்பா. கண்ணாடின்னா பளபளன்னு இருக்க வேணாமா?"

அவள் முகம் வெளிறிப்போவதைப் பார்த்தேன். "ஆமாம்ப்பா," என்றாள். கம்பியைப் பிடித்து எழுந்து, எனக்கு முதுகைக் காட்டாமல், பின்னோக்கியே நடந்து அறைக்குள் போனாள். தாழ் போடும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் தாழ் போடுகிற வழக்கமே கிடையாது. நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவள் மூச்சு விடுவது கேட்டது. நான் நகரும்வரை அவள் நகரவில்லை.

சாயங்காலம் தோழியிடம் போனில் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"எனக்குப் பயமா இருக்குடி. காலையில வண்டி எடுத்துட்டு வந்துடு. உள்ள வராத, வாசல்லயே நில்லு."

புது ஊர், புது வேலை. யாருக்குத்தான் பயம் இருக்காது? பயந்து நடுங்குகிற பெண்ணை அப்படியே அனுப்பிவைப்பவன் அப்பனா?

காலையில் பாப்பா ரப்பர் அடிப்பாகம் வைத்த ஷூ போட்டிருந்தாள். முதுகில் பை. இரண்டு கையாலும் கம்பியைப் பற்றிக்கொண்டு, அடி மேல் அடி வைத்து வாசலை நோக்கிப் போனாள். கெட்டிக்காரி, விழுந்திருக்க மாட்டாள். வாசலுக்கு முன்னால் இரண்டு படி இறங்க வேண்டும். அந்தப் படிகளிலும் கண்ணாடிதான். அங்கே போய் எதிரில் நின்றேன்.

"அப்பா, வேணாம்ப்பா. ப்ளீஸ்ப்பா."

நான் அவளைத் தள்ளியதாக எழுதியிருக்கிறீர்கள். தள்ளவில்லை, மேடம். எனக்கு அதற்கு மனசு வராது. கம்பியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். சுண்டுவிரலைக் கடைசியாக எடுத்தேன். ரொம்பச் சில்லென்று இருந்தது.

படி விளிம்பில் முதுகு அடிபட்டது. சத்தம் போடவில்லை; வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள். பிறகு, "கால் எங்கப்பா?" என்றாள். கால் அங்கேதான் இருந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

வெளியே மணி அடித்தது. பாப்பா கத்த முயன்றாள். நான் வாயைப் பொத்தினேன்.

"பாப்பா தூங்குறாம்மா. அவ வரல, நீ போயிட்டு வா," என்றேன்.

அந்தப் பெண் போகவில்லை. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அக்கம்பக்கத்தார் வந்து கதவை உடைத்ததும், ஆம்புலன்ஸ் வந்ததும் உங்களுக்கே தெரியும். நானும் அதில் ஏறிப் போனேன். பெற்றவன் இல்லாமல் எப்படி? வழியிலேயே பாப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது.

இனி நடக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். அழுதேன், அங்கிருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மெழுகு தடவியது நான்தான், விரலை எடுத்துவிட்டதும் நான்தான். அதில் எதையும் நான் மறைக்கவில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். உங்கள் ஆட்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பாப்பாவுக்கு நினைவு திரும்பியது. நர்ஸ் கிளம்பப் போனதும், அவளுடைய புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க," என்றாள்.

தனியாகவா? நான்தான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேனே.