முதுகைப் பார்க்க வந்தவர்

எழுபத்திமூன்றாம் வருஷமோ நாலோ இருக்கும். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வயதான இரண்டு பெண்கள். இருவரில் சற்று இளையவள், எங்கோ ஆயா வேலை பார்க்கிறவள், திடீரென்று சொன்னாள்:

"யாருன்னே தெரியாத ஒரு கெழவரோட சட்டையத் தூக்கிப் பாத்தாருக்கா அந்த ஆளு!"

"எந்த ஆளு?"

"புதுவாயல் பக்கத்துல நெலம் வெச்சிருக்கறவரு. அவுங்க அப்பாவுக்குப் புத்துநோயி. இனி பொழைக்க மாட்டாருன்னு பெரியாஸ்பத்திரில அனுப்பிட்டாங்க. கன்னியாஸ்திரீங்க நடத்தற எங்க இல்லத்துல கடைசி வரிக்கும் வெச்சிப் பாக்கறாங்கன்னு கேட்டுக்கினு வந்தாரு. மதர்கிட்ட ஒரு வார்த்த பேசல. நேரா உள்ள வந்து, படுத்துக்கினு இருந்த ஒரு கெழவர ஒருக்களிக்க வெச்சி முதுகப் பாத்தாரு."

"எதுக்குடி?"

"படுக்கப்புண்ணு கீதான்னு. நாலு பேரப் பாத்தாரு, ஒருத்தருக்கும் இல்ல. 'யாரு இவங்களத் திருப்பிப் படுக்க வெக்கறது'ன்னாரு. 'நான்தான், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா'ன்னேன். மறுநாளே அப்பாவ இட்டாந்துட்டாரு."

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டு போனார். அவள் குரலைத் தணிக்கவே இல்லை.

"மூணு மாசம் இருந்தாரு பெரியவரு. கடைசி நாளு என் கையாலதான் கஞ்சி குடிச்சாரு. காரியம் முடிஞ்சதும் புள்ள வெத்தல பாக்கோட வந்து நின்னாரு. 'எனக்கும் ஒரு நாள் முடியாம போச்சின்னா நீதாம்மா பாத்துக்கணும்'னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"'நான் உன்னவிட மூத்தவ நைனா. ஆனா கவலப்படாத, என்னாட்டம் பாக்கறவ ஒருத்திய உனக்காவே பழக்கி வுட்டுட்டுத்தான் போவேன்'னு சொன்னேன்."