காவலனைக் கொல்லாதீங்க

— அப்ப முடிவே பண்ணிட்டீங்க, அவனைக் கொன்னுடறதுன்னு.

— கொல்றதுன்னு சொல்லாதீங்க, வெளியில ஆளுங்க நடமாடறாங்க. கதையை முடிக்கறோம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம். கோட்டை விழும், எல்லாரும் விழுவாங்க, அவரும் விழுவார்.

— முதல்ல நீங்க உட்காருங்க டாக்டரம்மா. அப்பத்துலருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. அந்த ஃபைலை இப்படி நகர்த்தினா டீ வைக்க இடம் கிடைக்கும். வராந்தா மெஷின்ல ரெண்டு பிடிச்சுட்டு வந்தேன்.

— இது என் ரூமுங்க. நான்தான் உங்களை உட்காரச் சொல்லணும்.

— யார் சொன்னா என்ன, கால் வலி உங்களுக்குத்தானே.

— அப்புறம், நான் இன்னும் டாக்டர் ஆகல. இந்த ஆராய்ச்சி முடிஞ்சு, அதை ஏத்துக்கிட்டாதான்.

— ஆயிடுவீங்க. அதுக்கு ஒரு உயிர் போகணும்னு சொல்றீங்களே, அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.

— யார் உயிரும் போகல. உங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், நல்லபடியா இருக்கார். சாகப்போறது அவர் போட்டிருக்கற கோட்டைக் காவலன் வேஷம். அதாவது, மேஜையைச் சுத்தி ஆறு பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமா மாறி ஒரு கதையை நடத்திக்கிட்டுப் போறாங்க. நாலு பேர்கிட்ட வாய் திறக்கப் பயப்படறவங்களுக்கு இந்த விளையாட்டு மருந்தா வேலை செய்யுதான்னு பார்க்கறோம்.

— தெரியுமே. லிஃப்ட்காரரை அவரோட கம்பெனியிலதானே அனுப்பி வெச்சாங்க. உள்ள மாட்டிக்கிட்டவங்க, 'யாராவது இருக்கீங்களா'ன்னு கத்திக்கிட்டே இருப்பாங்களாம். இவர் வெளியில நின்னுக்கிட்டு, 'இருக்கேன்'னு ஒரு வார்த்தை சொல்லாம வேலையைப் பார்ப்பாராம். கதவு திறந்து ஆளைப் பார்த்தப்புறம்தான் ரொம்பப் பேருக்கு மயக்கமே வந்துச்சாம்.

— அதேதான். அதனால முறைப்படி பார்த்தா, கடைசியில வேஷத்தைக் கழட்டி வெச்சாகணும். இல்லாட்டி விபரீதம். போன தடவை ஒருத்தர் மந்திரியா ஆடினார். பரம சாது. சரியா முடிச்சு வெக்காம விட்டுட்டோம். ஆபீஸ்ல போய் மேனேஜருக்கே உத்தரவு போட ஆரம்பிச்சுட்டார்.

— அடப்பாவமே. வேலை போயிடுச்சா?

— பதவி உயர்வு குடுத்துட்டாங்க.

— நல்லதுதானே.

— நாங்க அதைப் பக்கவிளைவுலதான் சேர்த்தோம். சரி, வந்ததே வந்தீங்க, உங்ககிட்ட கேக்க வேண்டிய கேள்வியையும் முடிச்சுடறேன். ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் மதிப்பு குடுங்க. வீட்டுல இருக்கறவங்ககிட்ட அவரா வந்து பேசறாரா?

— யாரு? லிஃப்ட்காரரா, காவலனா?

— ரெண்டும் ஒருத்தர்தானே.

— உங்க கணக்குக்கு. லிஃப்ட்காரருக்கு ஒண்ணு போடுங்க, அதுவே தாராளம். காவலனுக்கு, அஞ்சுக்கு மேல ஏதாச்சும் இருக்கா?

— இருங்க. காவலன் உங்ககிட்ட பேசறானா? வீட்டுலயா?

— நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, தினமும் வீட்டுல கால் மணி நேரம் பாத்திரமா இருந்து பழகுங்கன்னு.

— கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாருங்கன்னு சொன்னேன்.

— கோட்டைக் காவலன் வாசலை விட்டுட்டுக் கண்ணாடி முன்னாடி போய் நிப்பானா? மெக்கானிக் மூளை, வேலைன்னா வேலை. வாசல் கதவுகிட்ட ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துட்டான். பையைத் தூக்கிட்டு உள்ள நுழைஞ்சா, 'யார் அங்கே? எங்கேருந்து வர்றீங்க? வழியில தொந்தரவு ஏதும் உண்டா?'

— நீங்க என்ன பண்ணீங்க?

— பதில் சொன்னேன். கேட்டா சொல்லித்தானே ஆகணும். மழை, பஸ் வரல, செருப்பு வார் அறுந்துபோச்சுன்னேன். செருப்பை வாங்கிப் பார்த்து அங்கேயே தைச்சுக் குடுத்தான். அந்த வீட்டுல பன்னெண்டு வருஷமா யாரும் யாரையும் எங்க போயிட்டு வர்றேன்னு கேட்டது கிடையாது டாக்டரம்மா. காவலனுக்கு அதுதான் உத்தியோகம். கேக்காம உள்ள விடக்கூடாதில்ல?

— கால் மணி நேரத்தோட நிறுத்திக்கறாரா?

— காவலுக்கு ஏது நேரம்? இப்பல்லாம் சாயங்காலம் ஆனா, குப்பை கொட்டப் போறேன்னு ஒரு தடவை, உப்பு வாங்கப் போறேன்னு ஒரு தடவை, சும்மா வெளியில போயிட்டு வர்றேன். ஒவ்வொரு தடவையும் சலிக்காம கேக்கறான். யாரைப் பார்த்தேன், எவ வம்புக்கு வந்தா, எதுக்குச் சிரிச்சேன்னு எல்லாம் வேணும் அவனுக்கு. வீட்டுல இப்ப ஒரு வருஷத்துக்கு உப்பு இருக்கு.

— இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும். முறைப்படி பார்த்தா இது பெரிய சிக்கல். பாத்திரம் மேஜையை விட்டு இறங்கி வீட்டுக்குள்ள வந்துடுச்சு. எங்க பேராசிரியருக்குத் தெரிஞ்சா அவரைக் கணக்குலருந்தே எடுத்துடச் சொல்வார். மொத்தமே ஆறு பேர். அதுல ஒருத்தர் போனா என் ஆராய்ச்சி படுத்துடும்.

— அப்ப சொல்லாதீங்க.

— அது பொய்.

— மேஜையில உட்கார வெச்சுப் பூதம் வருது, பூதம் வருதுன்னு சொல்றீங்களே, அது என்னவாம்?

— அது அனுமதி வாங்கின பொய்.

— சரி, ஒண்ணு சொல்றேன். இதை உங்க கணக்குல சேர்க்க வேண்டாம். போன வாரம் காவலன் கேட்டான், 'உள்ளே மொத்தம் எத்தனை பேர்?' காவலன்னா தலை எண்ணி வெச்சுக்கணுமாம். மூணு பேர் இருந்திருக்கணும்னு சொன்னேன்.

— மூணா?

— ஒரு ஆண் குழந்தை. பிறந்து ஒரு வாரம்கூட இல்ல, ஆஸ்பத்திரியிலேயே போயிடுச்சு. லிஃப்ட்காரருக்குத் தெரியாததா? அவர்தான் கையில வாங்கிட்டுப் போனார். திரும்பி வந்தவர் டூல்ஸ் பையை எடுத்துக்கிட்டு வேலைக்குக் கிளம்பிட்டார். அன்னிக்கு மூடின வாய். அதுக்கப்புறம் அந்த வீட்டுல அதைப் பத்திப் பேச்சே கிடையாது. ஆனா காவலனுக்குத் தெரியாதில்ல? அவன் எங்கிருந்தோ வந்தவன். அதனால முதல்லருந்து எல்லாத்தையும் சொன்னேன். மூக்கு யாரை மாதிரி இருந்துச்சுங்கற வரைக்கும்.

— அவர் என்ன சொன்னார்?

— அழுதான். ஸ்டூலை விட்டு எந்திரிக்காமலே அழுதான். அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'பேர் சொல்லுங்க, சேர்த்துக்கறேன்'னான். வெக்கணும்னு நினைச்சிருந்த பேரைச் சொன்னேன். இப்பல்லாம் கதவைச் சாத்தும்போது, 'மூணு பேரும் உள்ளே'ன்னு சொல்லிட்டுத்தான் தாழ்ப்பாள் போடறான்.

— கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

— டீயைக் குடிங்க, ஆறிப்போகுது.

— எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருக்குங்க. ஆனா இதைப் பேச வேண்டியது காவலன் இல்ல, உங்க வீட்டுக்காரர். வேஷம் கலைஞ்சா அவரே பேச ஆரம்பிப்பார்.

— பேசாட்டி?

— பேசாட்டி... பேசலைன்னு எழுதுவோம்.

— வெள்ளிக்கிழமை கால்ல ஒரு காயம் மட்டும் படட்டுமே. பரவாயில்ல, உட்கார்ந்தே காவல் காக்கட்டும். உங்க கையிலதானே கதை இருக்கு.

— எல்லாரும் செத்து அவர் மட்டும் பிழைச்சா, மத்த அஞ்சு பேரும் என்கிட்ட சண்டைக்கு வருவாங்க.

— வாயைத் திறக்காத ஆளுங்க சண்டைக்கு வந்தா, உங்க மருந்து வேலை செஞ்சுடுச்சுன்னுதானே அர்த்தம்?

— நல்லா மடக்கறீங்க. ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆராய்ச்சி தொடங்கும்போது நான் உங்க வீட்டுக்கு வந்தேன். அன்னிக்கு நான் கேட்டதுக்கெல்லாம் தலையை மட்டும்தான் ஆட்டினீங்க. முகத்தைக்கூட நிமிர்த்தல. புருஷனை விடப் பொண்டாட்டிக்குத்தான் பயம் ஜாஸ்தின்னு மனசுல நினைச்சுக்கிட்டேன். இன்னிக்கு என் ரூமுக்கே வந்து இவ்வளவு வாதாடறீங்க. இதுல பாதியை அவர்கிட்ட நேரா பேசிட்டா காவலனே தேவைப்பட மாட்டானே?

— அவ பேச மாட்டா டாக்டரம்மா.

— எவ?

— நீங்க அன்னிக்குப் பார்த்தீங்களே, தலையை ஆட்டினவ. அவளா இருந்தா இந்தக் கட்டடத்து வாசல்படியைப் பார்த்ததுமே திரும்பிப் போயிருப்பா. முதல் நாள் காவலன், 'யார் அங்கே'ன்னு கேட்டப்பவே அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பதில் சொன்னது நான்.

— நீங்க... யாரு?

— சத்திரக்காரி. கோட்டைக்குப் பக்கத்துல சத்திரம் நடத்தறேன்னு சொன்னேன். நம்பி உள்ள விட்டுட்டான். அவனும் நானும் நல்லாத்தான் இருக்கோம். வெள்ளிக்கிழமை அவன் செத்துட்டா, நானும் சத்திரத்தை மூடிட்டுக் கிளம்பணும். அப்புறம் அந்த வீட்டுல அவங்க ரெண்டு பேர் மட்டும்தான் இருப்பாங்க.